நேற்று ஏன் வரவில்லை?

மார்கழிப் பனி அல்சூர் ஏரியின் நீர்ப்பரப்பை விட்டு இன்னும் எழுந்திராத காலை ஐந்தே முக்கால் மணிக்கு, சால்வையைக் காதுவரை இழுத்துப் போர்த்துக்கொண்டு நடக்கிற நான்கு பெண்களுக்கு நடுவே, ஐந்தாமவர் மட்டும் புடவைத் தலைப்பால் முகத்தை விசிறிக்கொண்டு நடப்பதைக் காண்கிற வழிப்போக்கர் எவரும் ஒரு கணம் நின்று பார்க்கத்தான் செய்வர். உடன் நடக்கும் நால்வரோ திரும்பிக்கூடப் பார்ப்பதில்லை. "வந்துடுச்சா அக்கா?" என்று ஒருவர் கேட்பார். "வந்துது, போயிடுச்சு" என்பார் விசிறிக்கொண்டவர். வந்தது என்ன என்று விளக்கம் கேட்பாரில்லை; நாளைக்கு அதே கேள்வியை வேறொருவரிடம் கேட்க நேரும் என்பது ஐவருக்கும் தெரியும்.

எங்களில் மூவர் தமிழ் பேசுவோர். ஒருவர் தும்கூர்ப் பக்கத்துக் கன்னடர். மற்றவர் சித்தூரிலிருந்து இங்கே வாழ்க்கைப்பட்டு வந்த தெலுங்கர். மூன்று பாஷையிலும் அக்கா என்னும் சொல் ஏறக்குறைய ஒன்றாகவே இருப்பதால், நாற்பத்தொரு வயதுக்காரரும் ஐம்பத்திரண்டு வயதுக்காரரும் வித்தியாசமின்றி ஒருவருக்கொருவர் அக்கா. மாதவிடாய் நின்றுபோவதைக் குறிக்க மட்டும் ஒவ்வொருவரிடமும் ஒரு சொல் இருக்கிறது. விலக்கு நிற்பது என்பார் ஒருவர். தூரம் நின்றுவிட்டது என்பார் இன்னொருவர். இளையவர் மெனோபாஸ் என்றே சொல்லிவிடுவார். கன்னட அக்கா மாதவிடாயையே 'முட்டு' என்பார். மதுரைப் பக்கத்துக் கிராமங்களில் விலக்கான பெண்கள் ஒதுங்கியிருக்கும் இடத்துக்கு 'முட்டு வீடு' என்று பெயர் வழங்குவதை நான் சொன்னபோது, ஒரே சொல்லை இரண்டு தேசத்தாரும் ஒளித்து வைத்துக்கொண்டிருந்தோமே என்று அவர் சிரித்தார்.

நாங்கள் கூடுமிடம் ஏரிக்கு அருகிலுள்ள திருவள்ளுவர் சிலை. அது பதினெட்டு ஆண்டுகள் மூடிய நிலையிலேயே நின்று, 2009 ஆகஸ்டு மாதத்தில் திறக்கப்பட்ட சிலை. அவ்வளவு காலம் பொறுத்தவர் எங்களில் ஒருவர் பத்து நிமிஷம் தாமதித்து வந்தால் பொறுக்கமாட்டாரா என்பது எங்களுக்குள் வழங்கும் பழைய வேடிக்கை. ஏரியை அடுத்திருப்பது, தம்பிகள் என்று செல்லமாக அழைக்கப்படும் மதராஸ் பொறியாளர் படையின் மையம். அந்தப் பக்கத்திலிருந்து சில நாள் காலையில் சிப்பாய்கள் ஒரே சீராக ஓடும் காலடியோசை வரும். அந்த ஓசை கேட்கையில் எங்கள் நடையும் தானாகவே சற்று விரைவதை நான் கவனித்திருக்கிறேன். அதற்குக் காரணம் இருக்கிறது; பின்னால் சொல்கிறேன்.

நின்றுவிட்டது என்ற சொல்லைக் கேட்டால் அது ஒரே நாளில் நிகழ்ந்து முடியும் சம்பவம்போலத் தோன்றும். உண்மை அப்படியன்று. பெண் குழந்தையொன்று பிறக்கும்போதே பத்து முதல் இருபது லட்சம் வரையிலான கருமுட்டை மூலங்களைத் தன் அண்டாசயங்களில் தாங்கிக்கொண்டு பிறக்கிறது. அது பூப்பெய்தும் காலத்தில் அவற்றுள் எஞ்சியிருப்பவை மூன்று நான்கு லட்சம். ஆயுள் முழுவதிலும் முதிர்ந்து வெளிப்படுபவை நானூறு ஐந்நூறுக்கு மேல் இரா. மற்றவையெல்லாம் அரவமின்றி அழிந்துபோகின்றன. நாற்பதை ஒட்டி இந்த இருப்பு வெகுவாகக் குறையத் தொடங்கியதும், மூளையின் அடியிலுள்ள பிட்யூட்டரிச் சுரப்பி, செவி மந்தமானவரிடம் குரலை உயர்த்திப் பேசுபவரைப்போல, கருமுட்டையை வளரத் தூண்டும் எஃப்.எஸ்.எச். என்னும் ஹார்மோனை மேலும் மேலும் அனுப்புகிறது. அண்டாசயமோ ஒரு மாதம் பதறியடித்துக்கொண்டு அளவுக்கு மிஞ்சி ஈஸ்ட்ரோஜனைச் சுரக்கும். மறு மாதம் வாளாவிருந்துவிடும். இந்தத் தடுமாற்றம் சில ஆண்டுகள் நீடிக்கும். தொடர்ந்து பன்னிரண்டு மாதம் விலக்கு வராமல் போன பிறகே, பின்னோக்கிக் கணக்கிட்டு, கடைசியாக வந்தது இன்ன நாள் என்று வைத்தியர் நிர்ணயிக்கிறார். ஆகவே, முடிந்துவிட்டது என்று அறிவதற்குள் முடிந்து ஓராண்டு ஆகிவிடுகிறது.

மார்கழிக் குளிரில் விசிறிக்கொள்ளும் அந்தச் சூட்டின் சங்கதி இதுதான். நம் உடலின் உஷ்ணத்தைக் காத்துவரும் ஹைபோதலாமஸ் என்னும் மூளைப் பகுதி, சாதாரண காலத்தில், உஷ்ணம் சிறிது ஏறினாலும் சிறிது இறங்கினாலும் பொருட்படுத்தாமல் விட்டுவிடும். ஈஸ்ட்ரோஜன் குறையும்போது அதன் பொறுமையும் குறைந்து, அந்தச் சகிப்பின் எல்லை வெகுவாகச் சுருங்கிவிடுகிறது. மாடிப்படி நான்கு ஏறினாலும், காப்பி இரண்டு வாய் பருகினாலும், வீடே பற்றிக்கொண்டாற்போல் அது அபாயச்சங்கு ஊதிவிட, தோலின் ரத்தக்குழாய்கள் விரிந்து, முகம் சிவந்து, வியர்வை குப்பென்று பெருகுகிறது. இரவிலும் இதே கூத்து நடப்பதால் உறக்கம் கெடுகிறது. உறக்கம் கெட்டவருக்கு மறுநாள் காலை நடக்கப்போவது என்பது மலையேறப் போவதுபோல் இருக்கிறது.

மேல்நாட்டுப் பெண்களுக்குச் சராசரியாக 51 வயதில் நிற்பது நம் நாட்டில் 46 வயதை ஒட்டியே நின்றுவிடுகிறது. இதைப்பற்றி ஆராய்ந்த ஓர் ஆய்வு இந்நகரத்திலேயே, நாகரபாவியிலுள்ள சமூக பொருளாதார மாற்ற ஆய்வு நிறுவனத்தில் செய்யப்பட்டது. டி.எஸ். சியாமளாவும் எம். சிவகாமியும் 1998-99ஆம் ஆண்டின் தேசியக் குடும்பநல ஆய்வுக் கணக்குகளை எடுத்துப் பார்த்து 2005இல் வெளியிட்ட அந்தக் கட்டுரையின்படி, 35 முதல் 39 வயதுக்குட்பட்ட பெண்களிலேயே நூற்றுக்குச் சுமார் 8 பேருக்கு மாதவிடாய் நின்றுபோயிருந்தது. ஐம்பதுக்கு மேல் பார்த்துக்கொள்ளலாம் என்று நாம் ஒத்திவைக்கிற காரியங்களுக்கு இந்நாட்டுப் பெண்ணின் சரீரம் அவ்வளவு தவணை கொடுப்பதில்லை.

எந்தக் காரியங்கள்? முதலாவது எலும்பு. எலும்பைக் கல்லைப்போல் ஒருமுறை அமைந்துவிட்ட பொருளாக நினைத்துவிடக்கூடாது. ஓயாமல் இடித்துக் கட்டப்படும் வீடு அது. இடிக்கும் அணுக்களும் உண்டு, கட்டும் அணுக்களும் உண்டு. இடிப்பவரைக் கட்டுக்குள் வைத்திருந்த மேஸ்திரி ஈஸ்ட்ரோஜன். மேஸ்திரி விலகினால் இடிப்பு மிஞ்சும். அமெரிக்காவில் 1996 முதல் ஏழு இடங்களில் மூவாயிரத்துக்கும் மேற்பட்ட பெண்களைப் பல்லாண்டுகள் பின்தொடர்ந்து வந்த 'ஸ்வான்' என்னும் பெரிய ஆய்வில் தெரியவந்த ஒரு செய்தியை நான் படித்த அன்று சிறிது திடுக்கிட்டேன்: எலும்பின் தேய்வு வேகம் பிடிப்பது, கடைசி விலக்குக்கு ஓராண்டு முன்னரே. அதிலிருந்து அந்த விலக்குக்குப் பின் இரண்டாண்டு வரையுள்ள மூன்றாண்டுக் காலத்தில் முதுகெலும்பின் அடர்த்தியில் நூற்றுக்கு 7 பங்குக்கு மேல் போய்விடுகிறது. தசை குறைந்து கொழுப்பு கூடுவதும் இதேபோல, நிற்பதற்குச் சில ஆண்டு முன்பே தொடங்கிவிடுகிறது. நம்மவருள் பலர், பார்வைக்கு மெலிந்திருந்தும் தேகத்துக்குள் கொழுப்பு மிகுந்தவர்கள் என்பதால், எடை கூடவில்லையே என்று நிம்மதியடைவதற்கும் இடமில்லை.

இவ்வளவும் படித்துவிட்டு, தேகாப்பியாசம் செய்தால் எல்லாம் சரியாகுமா என்று கேட்பவருக்கு நேர்மையான விடை, எல்லாம் சரியாகாது என்பதே. எந்தப் பயிற்சியும் அண்டாசயத்தின் இருப்பைக் கூட்டாது. சூட்டைக்கூட அது நிச்சயமாகத் தணிக்கும் என்று சொல்வதற்கில்லை: காக்ரேன் என்னும் மருத்துவச் சான்றுகளை எடைபோடும் அமைப்பு 2014இல் அதுவரை நடந்த பரிசோதனைகளையெல்லாம் தொகுத்து நோக்கி, அப்படி முடிவுகட்டப் போதிய ஆதாரம் இல்லை என்றது. நடந்தால் போதும், எல்லாம் பறந்துவிடும் என்று உபதேசம் செய்கிறவர்களின் வார்த்தையை நம்பி நடந்து, மூன்றாம் வாரமும் இரவில் வேர்த்து நனைந்து, நம் நடையில்தான் ஏதோ குற்றம் என்று விட்டுவிட்ட பெண்களை நான் அறிவேன். பொய்யான ஆசை காட்டுவது ஊக்கமூட்டுவது ஆகாது.

ஆனால் இந்த இருண்ட கணக்கிலும் ஒரு வெளிச்சக் கீற்று இருக்கிறது. அது இந்நகரத்திலேயே கிடைத்தது என்பது ஒரு விசேஷம். இயந்திரப் பொறியியல் கற்று, அமெரிக்க விண்வெளி நிறுவனத்தில் ஆராய்ச்சி செய்துவிட்டுத் திரும்பி, யோகத்தைச் சோதனைச்சாலை வழியில் ஆராயப் புகுந்த நாகேந்திரரும், மருத்துவரான நாகரத்னா அம்மையாரும், ரிது சத்தா முதலிய ஆய்வாளரும் சேர்ந்து, பெங்களூரில் விவேகானந்த யோக நிறுவனத்தின் 14 மையங்களில் ஒரு பரிசோதனை நடத்தி, அதன் பலனை 2008இல் வெளியிட்டார்கள். மாதவிடாய் இன்னும் நிற்காமல் நிற்கும் தறுவாயிலிருந்த, 40 முதல் 55 வயதுக்குட்பட்ட 120 பெண்களைத் தேர்ந்து, குலுக்கல் முறையில் இரண்டாகப் பிரித்தார்கள். ஒரு பகுதியார் சூரிய நமஸ்காரம், மூச்சுப் பயிற்சி, ஆவர்த்தன தியானம் என்பனவற்றைச் செய்தார்கள். மறு பகுதியார் எளிய உடற்பயிற்சிகளைச் செய்தார்கள். இரு சாராருக்கும் நாளொன்றுக்கு ஒரு மணி நேரம், வாரத்தில் ஐந்து நாள், ஆக எட்டு வாரம்.

எட்டு வாரத்துக்குப் பின், யோகம் செய்தவர்களுக்கு உடற்சூடும் இரவு வியர்வையும் உறக்கக் கேடும் குறைந்திருந்தன. அதைவிட எனக்குச் சுவையாகத் தோன்றியது வேறு. கவனத்தையும் ஞாபக சக்தியையும் அளக்கும் சோதனைகளில் யோகக் குழுவினர் அதிகம் முன்னேறினார்கள் என்பது மெய்யே. ஆனால் சாதாரண உடற்பயிற்சி செய்தவர்களும் முன்னேறியிருந்தார்கள். சும்மா இருந்தவர்களோடு யோகத்தை ஒப்பிட்டுச் சுலபமாக வெற்றி முழங்காமல், நாள்தோறும் அதேபோல் கூடி, பயிற்சி பெற்ற ஆசிரியரின் கண்முன்னே, அதே அளவு நேரம் உடலை அசைத்தவர்களோடு ஒப்பிட்டதுதான் இப்பரிசோதனையின் அழகு என்பேன். குறையும் உண்டு: எட்டு வாரம் சிறிய காலம், தாம் செய்வது யோகம் என்று அறிந்தே செய்கிற ஒருவரின் நம்பிக்கையைப் பலனிலிருந்து பிரித்தெடுக்க வழியில்லை, 120 என்பதும் பெரிய தொகையன்று. எனினும் என் மனத்தில் நிலைத்தது ஒரு கேள்வி. வீட்டைப் போட்டது போட்டபடி விட்டுவிட்டு வாரத்தில் ஐந்து நாள் ஒரு மணி நேரம் வெளியே வந்த அத்தனை பெண்களையும் அந்த எட்டு வாரம் வரவழைத்தது எது? எட்டு வாரம் முடிந்த பிறகு, ஒன்பதாவது வாரத்தில், எத்தனை பேர் வந்திருப்பார்கள்?

என் அநுபவத்தில் ஆறு வாரத்துக்கு மேல் நான் தாக்குப்பிடித்ததில்லை. நாற்பத்து நான்காம் வயதில், பெயரைச் சொல்ல வேண்டாத ஓர் உடற்பயிற்சிக் கூடத்தில் பணம் கட்டிச் சேர்ந்தேன். முப்பது பேர் ஒரே வேளையில் குதித்தார்கள். பாட்டு காதைத் துளைத்தது. என் மகன் வயதுள்ள பயிற்றுநர் மேடைமேல் நின்று எங்களைக் கூட்டமாகப் பார்த்துக் கூவினார். எனக்கு வலப்புறம் தினமும் நின்ற பெண்ணின் பெயர் எனக்குத் தெரியாது, என் பெயர் அவருக்கும் தெரியாது. ரத்தப்போக்கு மிகுந்து ஒரு வாரம் நான் போகவில்லை. அது இரண்டு வாரமாயிற்று. பிறகு கூடத்திலிருந்து வந்த ஒரே செய்தி, அடுத்த தவணைக் கட்டணத்துக்கான நினைவூட்டல்.

இதை என் சோம்பேறித்தனம் என்றே பல காலம் எண்ணியிருந்தேன். 2006இல் வெளிவந்த ஓர் ஆராய்ச்சித் தொகுப்பு எனக்கு அந்தக் குற்ற உணர்ச்சியில் பாதியையாவது குறைத்தது. பர்க், கேரன் முதலிய கனடிய அறிஞர்கள், தனியே செய்வது, வீட்டிலிருந்தபடியே ஒருவர் அவ்வப்போது விசாரித்துவரச் செய்வது, வகுப்பில் கூட்டத்தோடு செய்வது, ஒருவரோடொருவர் பிணைப்புள்ள மெய்யான குழுவில் செய்வது என்னும் நான்கையும் ஒப்பிட்டுப் பார்த்தார்கள். மெய்யான குழு முன்னின்றது. ஆனால் வெறும் வகுப்புக் கூட்டம், வீட்டிலிருந்தே செய்து யாராவது விசாரித்துவரும் நிலையைவிட மேலானதாக இல்லை. சந்தை நெரிசலில் நிற்பவனுக்குத் துணையிருக்கிறது என்று சொல்லமுடியாதல்லவா? பத்துப் பேர் பக்கத்தில் குதிப்பதனால் ஒருவர் மறுநாளும் வந்துவிடுவதில்லை, வராத அன்று ஒருவர் பார்த்துக் குறித்துக்கொண்டு, மறுநாள், "நேத்து ஏன் வரல?" என்று கேட்பதனால்தான் வருகிறார்.

சிப்பாய்களின் காலடியோசைக்கு இப்போது வருவோம். வில்லியம் மக்நீல் என்னும் அமெரிக்கச் சரித்திர ஆசிரியர் 1941இல் படையில் சேர்ந்து, டெக்ஸாஸ் மாநிலத்து வெயிலில் மணிக்கணக்காகக் கவாத்து செய்தவர். எவ்விதப் பிரயோஜனமும் இல்லாத அந்த அணிவகுப்பில் எதனால் தமக்கு அத்தனை ஆனந்தம் உண்டாயிற்று என்னும் வினா ஐம்பது ஆண்டுக்கு மேல் அவர் மனத்தில் கிடந்து, 1995இல் ஒரு நூலாக வந்தது. தாளத்தோடு சேர்ந்து அசையும் தசைகள் மனிதரை ஒன்றாகப் பிணைக்கின்றன என்பது அவர் கொள்கை. ஆக்ஸ்போர்டு ஆராய்ச்சியாளர் அதை 2010இல் அளந்தே காட்டினார்கள்: படகு வலிக்கும் வீரர் ஒரே அளவு உழைப்பைத் தனியே செய்தபோதைவிட, உடனிருப்பவரோடு ஒத்து வலித்தபோது, வலி தாங்கும் எல்லை அவர்களுக்கு உயர்ந்திருந்தது. மூளையில் சுரக்கும் எண்டார்பின்களின் வேலை இது என்பது அவர்கள் ஊகம். இதற்கும் வெகு முன்பே, 1920களில், பெர்லினில் ஆட்டோ கோலர் என்பவர் படகுச் சங்கத்து ஆட்களைத் தனியாகவும் இருவர் இருவராகவும் எடை தூக்கச் செய்து பார்த்து, ஜோடி சேர்ந்தபோது இருவரில் வலிமை குறைந்தவர் தாம் தனியே தூக்கியதைவிட அதிக நேரம் நிலைத்து நிற்பதைக் கண்டார். இருவரும் சமமாயிருந்தாலும் இந்த அதிசயம் குன்றும். மிகவும் ஏறுமாறாயிருந்தாலும் குன்றும். நடுத்தரமான வித்தியாசமே உத்தமம். எங்கள் நாற்பத்தொன்றும் ஐம்பத்திரண்டும் அப்படிப்பட்ட ஜோடி.

படகு, படை, எடை என்று எல்லாச் சோதனையும் ஆண்களை வைத்தே நடந்திருக்கிறதே என்று வாசகியருள் ஒருவர் முணுமுணுப்பது எனக்குக் கேட்கிறது. நியாயந்தான். கைகொட்டி, கால் மாற்றி, குனிந்து நிமிர்ந்து, வட்டமாகச் சுற்றிவரும் கும்மியில், தேகாப்பியாசம் என்ற பெயரைச் சூட்டாமலே, தாளமும் குதியும் தோழமையும் ஒன்றாக இருந்தன. ஆனால் அதைக் கருவி கொண்டு அளக்க ஒருவரும் புறப்பட்டதாக நான் அறியவில்லை.

வராததற்குரிய காரணங்களை எங்கள் குழு சேகரித்து வைத்தால் அதுவே ஒரு தனி ஆராய்ச்சியாகும். 2019ஆம் ஆண்டு நம் அரசாங்கம் எடுத்த நேரப் பயன்பாட்டுக் கணக்கில், ஊதியமில்லாத வீட்டு வேலையில் ஈடுபடும் பெண்கள் அதற்கு நாளொன்றுக்கு 299 நிமிஷமும், ஈடுபடும் ஆண்கள் 97 நிமிஷமும் செலவிடுவதாகத் தெரிந்தது. இந்தியப் பெண்களில் நூற்றுக்கு 57 பேருக்குப் போதிய உடலசைவு இல்லை என்று உலக சுகாதார நிறுவனம் 2022ஆம் ஆண்டுக்குக் கணித்த தொகையை இதன் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். ஐந்து மணி நேரம் பம்பரமாகச் சுழல்கிறவளுக்கு உடலசைவு இல்லையா என்று கேட்கத் தோன்றும். பாத்திரம் துலக்குவதும் துணி மடிப்பதும் களைப்பைக் கொடுக்கும், ஆனால் இருதயத்தை விரைந்து துடிக்கச் செய்யவோ எலும்பின்மேல் பாரம் ஏற்றவோ அவை போதா என்பது உடலியல் வகுத்த கொடுமையான பாகுபாடு.

பூங்காக்களின் வரலாற்றிலும் இதன் சாயல் உண்டு. இந்நகரத்து மாநகராட்சிப் பூங்காக்கள் காலையில் 10 மணிக்கு மூடி மதியத்துக்கு மேல்தான் மீண்டும் திறக்கும் வழக்கம் பல்லாண்டுகள் இருந்தது. அதாவது, பிள்ளைகளைப் பள்ளிக்கும் கணவரை அலுவலகத்துக்கும் அனுப்பிவிட்டு ஒரு பெண் முதல் முதலாகத் தனக்கென்று மூச்சுவிடும் வேளையில் பூங்காவின் வாயிலில் பூட்டுத் தொங்கும். 2024இல் காலை 5 முதல் இரவு 10 வரை இடைவிடாமல் திறந்து வைப்பதாக மாற்றினார்கள். இந்த ஒரு பூட்டைக் கழற்றியதைவிடப் பெரிய சுகாதாரக் காரியம் நகரத்தில் அண்மையில் நடந்ததாக எனக்குத் தோன்றவில்லை. பூட்டு இல்லாத இடத்திலும் கண்கள் இருக்கின்றன. பெங்களூரில் 2003இல் ஜஸ்மீன் பதேஜா தொடங்கிய 'பிளாங்க் நாய்ஸ்' என்னும் முயற்சியைச் சேர்ந்த பெண்கள், பூங்காக்களில் கூட்டமாகச் சென்று பட்டப்பகலில் புல்தரையில் படுத்து உறங்கிக் காட்டினார்கள். பொது இடத்தில் அச்சமின்றி இருப்பதற்கே பெண்ணுக்குப் பழக்கம் வேண்டியிருக்கிறது என்பதை இதைவிடச் சுருக்கமாகச் சொல்லமுடியாது. நாங்கள் உறங்கவில்லை, நடக்கிறோம். ஆனால் ஐந்தே முக்கால் மணி இருட்டில் ஏரிக்கரையில் தனியே நடக்கும் துணிவு எங்களில் எவருக்கும் இல்லை. ஐவராக இருப்பதன் முதல் பயன் எண்டார்பின் அன்று.

இரண்டாண்டு நடந்த பிறகுதான், நடை மட்டும் போதாது என்ற செய்தி எங்களுக்கு எட்டியது. நடப்பது இருதயத்துக்கும் ரத்த அழுத்தத்துக்கும் மனத்துக்கும் நல்லது. எலும்போ, வழக்கமான பாரத்துக்குச் செவிசாய்ப்பதில்லை, எதிர்பாராத அதிர்ச்சிக்கே விழித்துக்கொள்கிறது. வாரத்தில் 150 நிமிஷமாவது மிதமான உழைப்பு வேண்டும் என்று சொல்லும் உலக சுகாதார நிறுவனம், அதனோடு வாரத்தில் இரண்டு நாளாவது தசைகளை வலுப்படுத்தும் பயிற்சியும் வேண்டும் என்று கூட்டிச் சொல்வதை யாரும் படிப்பதில்லை. அமெரிக்காவில் லாரி டக்கர் என்பவர் 25 முதல் 50 வயதுக்குட்பட்ட 60 பெண்களை வைத்துச் செய்த ஒரு பரிசோதனை 2015இல் வெளியாயிற்று. நாளுக்கு இரண்டு வேளை, வேளைக்குப் பத்து அல்லது இருபது முறை, ஒவ்வொரு குதிக்கும் இடையே அரை நிமிஷம் ஓய்வு விட்டு, முடிந்த அளவு உயரமாகக் குதிக்கவேண்டும், அவ்வளவே. பதினாறு வாரத்தில், குதிக்காதவர்களுக்கு இல்லாத நன்மை குதித்தவர்களின் இடுப்பெலும்பில் தென்பட்டது. எட்டணாச் செலவில்லாத வைத்தியம் என்று எங்களில் மூத்தவர் மகிழ்ந்து, மறுநாளே வள்ளுவர் சிலைக்கருகில் புடவைக் கொசுவத்தைச் செருகிக்கொண்டு நின்றார்.

முதல் குதிக்கு ஐவரும் எழும்பினோம். இரண்டாவதற்கு மூவர். மற்ற இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டு, தண்ணீர் குடிக்கவேண்டும் என்றார்கள். காரணம் எல்லாருக்கும் தெரியும், ஒருவரும் சொல்லவில்லை. ஒரு வாரம் கழித்துத் தெலுங்கு அக்காதான் போட்டு உடைத்தார்: குதித்தால் சிறுநீர் கசிந்துவிடுகிறது. பிரசவங்களால் தளர்ந்த இடுப்பின் அடித்தளத் தசைகள் இந்த வயதில் மேலும் நெகிழ்வதால் நேர்வது அது. ஓடுவதையும் குதிப்பதையும் பெண்கள் விட்டுவிடுவதற்கு வெளியே சொல்லாத காரணங்களில் இதுவே முதன்மையானது என்பது என் அபிப்பிராயம். அந்தத் தசைகளை, சிறுநீரை அடக்குவதுபோல் சில நொடி இறுக்கித் தளர்த்தும் பயிற்சியை அமெரிக்க வைத்தியர் ஆர்னால்ட் கீகல் 1948இலேயே விவரித்திருக்கிறார். உட்கார்ந்த இடத்தில், பஸ்ஸில், அடுப்படியில், ஒருவர் கண்ணிலும் படாமல் செய்யலாம். எங்களில் அந்த இருவரும் மூன்று மாதம் அதைச் செய்துவிட்டே குதிக்க வந்தார்கள். அந்த மூன்று மாதமும், சிலையின் பக்கத்துத் திண்ணையில் உட்கார்ந்து மற்றவர்களுக்கு எண்ணிக் கொடுத்தார்கள்.

வேறு சிலவும் குதிப்பதற்கு முன் பார்க்கவேண்டியவை. இந்நாட்டில் 15 முதல் 49 வயதுக்குட்பட்ட பெண்களில் நூற்றுக்கு 57 பேர் ரத்தசோகை உள்ளவர்கள் என்கிறது ஐந்தாவது தேசியக் குடும்பநல ஆய்வு. நிற்கும் தறுவாயில் சிலருக்குப் போக்கு மிக அதிகமாகி, உள்ள ரத்தமும் குறைய, மூச்சு வாங்குவதை உடல் பழக்கமின்மை என்று தவறாக எண்ணிக்கொண்டு மேலும் மேலும் நடந்து களைப்பவர்களும் உண்டு. நானே அப்படிச் சில மாதம் நடந்தவள். பத்து நிமிஷத்தில் செய்யும் ரத்தச் சோதனை அதைச் சொல்லிவிடும். மூட்டுவலி உள்ளவரும், எலும்பு முன்னமே தேய்ந்தவரும் வைத்தியரைக் கேளாமல் குதிக்கலாகாது.

சென்ற மார்கழியில் கன்னட அக்கா இரண்டு நாள் வரவில்லை, தொலைபேசியையும் எடுக்கவில்லை. மூன்றாம் நாள் நடையைத் திருப்பி, கடைத்தெருவைத் தாண்டி, கோயில் சந்தில் உள்ள அவர் வீட்டு வாசலில் போய் நின்றோம். கையில் இட்லி மாவு அப்பியிருக்க அவர் வெளியே வந்தார். மாமியார் குளியலறையில் வழுக்கி விழுந்து இடுப்பெலும்பு முறிந்து, அறுவை செய்து வீட்டுக்கு அழைத்து வந்திருக்கிறார்கள், எழுபத்தாறு வயது, அரை நாழிகை தனியே விடமுடியாது. "நீங்க போங்க அக்கா, நான் ஒரு மாசம் வரமாட்டேன்" என்றார். நாங்கள் போகவில்லை. அந்தச் சந்து குறுகலானது, வண்டி வராது. அந்த ஒரு மாதமும் ஏரியை விட்டு அங்கேயே முன்னும் பின்னும் நடந்தோம், நடந்து முடிந்ததும் அவர் வாசலில் நின்று குதித்தோம். ஜன்னல் ஓரத்துக் கட்டிலிலிருந்து மாமியார், "ஒந்து, எரடு, மூறு" என்று எண்ணினார். ஒவ்வோர் எண்ணுக்கும் நடுவே அரை நிமிஷம் விடவேண்டும் என்பது மட்டும் அவருக்குப் பிடிபடவேயில்லை. அக்கா கதவைத் திறந்து வைத்துக்கொண்டு, ஒரு காது குக்கரின்மேல் இருக்க, எங்களோடு குதிப்பார். மூன்றாவது விசிலுக்கு அடுப்பை அணைக்க உள்ளே ஓடிவிடுவார். முதல் நாள் அவர் கணக்கு நாலு. மாதக் கடைசியில் ஏழு.